தொப்பூர்த் தொப்பிக்காரர்கள்

கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்தில் வாழைப்பழச் சீப்பை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பது ஒரு பெரிய பிரச்னை. எங்கள் காரில் அந்தப் பிரச்னை எழவில்லை. பெங்களூரில் புறப்படும்போதே என் மனைவியின் அத்தை இரண்டு சீப்பையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இது மனுஷாளுக்கு இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பின்னே யாருக்கு அத்தை?" என்று கேட்டாள் என் மனைவி.

"தொப்பூர்க் கணவாயில் ஆஞ்சநேயர் காத்துண்டிருப்பார்" என்றாள் அத்தை. அன்று சனிக்கிழமை வேறு.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் கடந்து நல்லம்பள்ளிக்கு வந்தபோது டிரைவர் டீ குடிக்க வேண்டும் என்றார். சேலம் நெடுஞ்சாலையில், தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால், நின்று மூச்சு விட்டுக்கொள்வதற்கு அது நல்ல இடம். அதியமான் கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் சீமை இது. பழம் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது என்று நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீக்கடை அம்மாள் அத்தையின் மடியைப் பார்த்தாள். "குரங்குக்காம்மா?" என்றாள்.

"ஆமாம்."

"பாவம்னு போடறாங்க. அந்தப் பாவம் அதுங்களுக்குத்தான் போய்ச் சேருது" என்று சொல்லிவிட்டு அவள் டீயை ஆற்றத் தொடங்கினாள். அவ்வளவுதான். மேற்கொண்டு பேச அவளுக்கு நேரம் இல்லை. லாரிக்காரர்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் புரியவில்லை. அரை மணிக்குள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், யாருக்கு அந்தப் பழம் போகவிருந்ததோ அந்த ஜீவனைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தலையில் ஒரு தொப்பி

கணவாயில் நாம் பார்க்கும் குரங்குக்கு நாட்டுக்குரங்கு என்று பெயர். நீங்கள் கோவில் குளத்தங்கரையில் பார்த்ததும், ரயில்வே பிளாட்பாரத்தில் உங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனதும், குரங்காட்டியின் கையில் குட்டிச்சட்டை போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போன நடை நடந்ததும் எல்லாம் இதுதான். (அந்தக் குரங்காட்டம் இப்போது கிடையாது. குரங்கை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று 1998-ல் மத்திய சர்க்கார் தடை போட்டுவிட்டது.)

அதன் உச்சந்தலையை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு சுழி. அந்தச் சுழியிலிருந்து நீண்ட மயிர் நாலாபக்கமும் வட்டமாகப் பரந்து, ஒரு சிறு குல்லாய் கவிழ்த்த மாதிரி இருக்கும். நெற்றிப் பக்கம் மயிர் குட்டையாக, ஒழுங்காக வகிடெடுத்த மாதிரி இருக்கும். எங்கள் பெண்ணுக்கு ஏழு வயது. "குரங்குக்கு யார் தொப்பி போட்டா?" என்று கேட்டாள். தொப்பி வியாபாரியும் குரங்குகளும் கதையை அவளுக்குச் சொன்ன எனக்கே, அந்தக் குரங்குகள் பிறக்கும்போதே தொப்பியோடு பிறந்தவை என்று அதுவரை தோன்றவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் 1812-ல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, கதிர் போலப் பரந்த முடி என்ற பொருளில் 'ரேடியாட்டா' என்றார்.

இன்னொரு அடையாளம் வால். உடம்பின் நீளத்துக்குச் சமமாக, சில சமயம் அதையும் மிஞ்சி, நீளமாகத் தொங்கும். காசி யாத்திரை போய் வந்தவர்கள் அங்கே பார்த்திருப்பார்கள்: அந்தக் குரங்குக்கு வால் குட்டை, பின்புறம் சிவப்பு, தலையில் தொப்பியும் கிடையாது. அது வடக்கத்திய செங்குரங்கு; வேறு ஜாதி. கறுத்த முகமும் சாம்பல் உடம்பும் கொண்டு இலை தின்று வாழும் முசு இன்னொரு ஜாதி. நம் முன்னோர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் நன்றாகத் தெரியும். தொல்காப்பியத்தில் மரபுப் பெயர்களைச் சொல்லுமிடத்தில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பிரித்தே சொல்லியிருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் 'குரங்கு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

நாட்டுக்குரங்கு உலகத்தில் வேறெங்கும் இல்லை, தென்னிந்தியாவுக்கே சொந்தம். நமக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான சொத்து. வடமேற்கில் தபதி நதி வரை போகும். இலங்கையிலே ஒரு தாயாதி உண்டு. அதற்கும் தலையில் குல்லாய்தான், கொஞ்சம் செம்பட்டைக் குல்லாய். மழைக்காடு, வறண்ட கரடு, வயல், கோவில், பஸ் நிலையம், ஏழு மாடிக் கட்டடம் எதுவானாலும் இதற்குச் சம்மதம். தண்ணீரில் நன்றாக நீந்தக்கூட நீந்தும். பழம், பூ, கொழுந்து, விதை, புல், வெட்டுக்கிளி, சிலந்தி, பறவை முட்டை என்று கிடைத்ததைத் தின்னும். தொப்பூர் மலையைப் போல வெயில் காய்கிற முட்காட்டில் பிழைப்பதென்றால் சும்மாவா?

தின்னும் விதத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு பை. கிடைத்ததை மெல்லாமல் அவசரமாக அந்தப் பையில் அடைத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய்ப் புறங்கையால் கன்னத்தை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து நிதானமாக மெல்லும். சாவகாசமாகச் சாப்பிட முடியாத இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இயற்கை கொடுத்த டிபன் டப்பா! தின்ற இடத்திலிருந்து தள்ளிப் போய்க் கொட்டையைத் துப்புவதால், ஆலும் அத்தியும் நாவலும் காட்டில் பரவுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

பெண்கள் ராஜ்யம்

நம் பழமொழிகளைப் போல் குரங்கை அவதூறு செய்தவை வேறு இல்லை. "குட்டியை விட்டு ஆழம் பார்க்கிறது" என்கிறோம். வெள்ளத்தில் அகப்பட்ட தாய்க் குரங்கு, குட்டியைக் காலடியில் போட்டு அதன்மேல் ஏறி நின்றதாம்! இந்தக் கதையைக் கட்டியவர் குரங்கை ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் இருபது, முப்பது உருப்படிகள் இருப்பது சகஜம். ஆண்கள் பலர் இருப்பார்கள். ஆறிலிருந்து ஒன்பது கிலோ வரை எடையுள்ள கடுவன்கள். மந்திகள் அதில் பாதி எடைதான். ஆனால் குடும்பம் என்பது மந்திகளைச் சுற்றித்தான். ஆண்பிள்ளை வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறான். பெண்ணோ பிறந்த கூட்டத்திலேயே தாய், பாட்டி, சகோதரி, சித்தி என்று எல்லோரோடும் கடைசி வரை இருக்கிறாள். அதாவது நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். புக்ககம் போவது மாப்பிள்ளை! இதைக் காரில் நான் சொன்னபோது என் மனைவி, "குரங்குகள் புத்திசாலிகள்" என்றாள். டிரைவரும் சிரித்ததால் நான் பதில் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஐந்தரை மாதம் கர்ப்பம். மாசி, பங்குனி, சித்திரையில் பெரும்பாலும் குட்டிகள் பிறக்கும். ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. பிறந்த குட்டி தாயின் வயிற்றில் மயிரைப் பற்றிக்கொள்ளும். தாய் கிளைக்குக் கிளை தாவினாலும் விடாது. 'குரங்குப் பிடி' என்கிறோமே, அது இந்தப் பிஞ்சு விரல்களின் பிடிதான். வைஷ்ணவப் பெரியவர்கள் ஜீவன் பகவானைப் பற்றிக்கொள்வதற்கு மர்க்கட நியாயம் என்று உவமை சொன்னதும் இதைப் பார்த்துத்தான்.

மற்றக் குரங்கு ஜாதிகளில் பல தாய்மார்கள் குட்டியை அடுத்தவள் தொட விடுவதில்லை. நாட்டுக்குரங்கு அப்படியல்ல. வெயில் தாழ்ந்ததும் மந்திகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு, பேன் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகும், வரும். திண்ணையில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்ளும் கூட்டுக் குடும்பத்தைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

இதைப் பற்றி 1960-களில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ரோசன்பிளம், காஃப்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஆராய்ச்சி கொஞ்சம் கல்நெஞ்சுக்காரத்தனமானது. எனக்குச் சம்மதம் இல்லை. நாட்டுக்குரங்குக் கூட்டத்திலிருந்தும், பன்றிவால் குரங்கு என்ற வேறொரு ஜாதியின் கூட்டத்திலிருந்தும் தாயை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள். பன்றிவால் குரங்கின் குட்டி முதலில் கத்தியது. பிறகு சுருண்டு, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, விளையாட்டை மறந்து உட்கார்ந்துவிட்டது. மற்றத் தாய்மார்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டுக்குரங்கின் குட்டியும் அழுதது. ஆனால் உடனே ஒரு சித்தியோ அத்தையோ வந்து அதை வாரி எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்! குட்டி தேறிவிட்டது.

புரூக்ளினில் கண்டுபிடித்ததை நம்மவர்கள் எப்போது எழுதி வைத்தார்கள் தெரியுமா? குறுந்தொகையில் அறுபத்தொன்பதாம் பாட்டைப் பாருங்கள். ஆண் குரங்கு இறந்துபோகிறது. துயரம் தாளாத மந்தி உயிரை விட நினைக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், மரமேறக்கூடக் கற்றுக்கொள்ளாத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைக்கிறது. புலவர் அதை மறக்கவில்லை. மந்தி மலையிலிருந்து விழுந்தது கவியின் கற்பனையாகவே இருக்கட்டும். குட்டியைச் சுற்றத்திடம் விட்டது காட்டில் பார்த்து எழுதியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீளுகிற கை

நல்லம்பள்ளியைத் தாண்டித் தொப்பூர் இறக்கம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் காடு. நடுவில் மலையை வெட்டிப் போட்ட அகலச் சாலை. வடக்கேயிருந்து சரக்கேற்றிக்கொண்டு வரும் லாரிகள் சரிவில் பிரேக்கை நம்பி இறங்குகின்றன. விபத்துக்கு இந்த இடம் பெயர்போனது. அந்தச் சாலையின் ஓரத்துச் சுவரில், வரிசையாக, கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள் தொப்பிக்காரர்கள். நாங்கள் வண்டியை ஓரங்கட்டினோம்.

ஒரு பெரிய கடுவன் காருக்கு அருகே வந்து, வாயைக் குவித்து 'கூ' என்று மெல்லக் குரல் கொடுத்துக் கையை நீட்டியது. உள்ளங்கை மேலே பார்க்க, மனிதன் கேட்பது போலவே! "பார்த்தேளா மாப்பிள்ளை, வாய் திறந்து கேட்கிறார்" என்றாள் அத்தை.

வேடிக்கை என்னவென்றால், அத்தை சொன்னது உண்மை. பந்திப்பூர்க் காட்டில் நாட்டுக்குரங்குகளைக் கவனித்த பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள், அனிந்திய சின்ஹாவும் அவருடைய சகாக்களும், 2018-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குரங்குகள் மனிதன் தம்மைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு, அவன் கையில் தின்பண்டம் இருக்கும்போது, கூவி, கை நீட்டிக் கேட்கின்றன. கொடுக்கும் வரை காத்திருக்கின்றன. தம் இனத்தாரிடம் இப்படிக் கேட்காத ஜீவன், நம்மிடம் பேசுவதற்கென்றே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. யாருக்குத்தான் மனசு இளகாது?

ஆனால் இந்தப் பாஷையை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். ஜன்னல் வழியாக வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் சிப்ஸையும் எறிந்து எறிந்து கற்றுக்கொடுத்தோம். பழம் விழுகிற இடம் காடு அல்ல, ரோடு.

இயற்கை இந்தக் குரங்குகளுக்குப் பயத்தைக் கொடுக்காமல் விட்டுவிடவில்லை. சிறுத்தையைக் கண்டால் கூட்டம் முழுவதும் அலறும். ராமகிருஷ்ணன், ரிச்சர்டு காஸ் என்ற இருவர் தென்னாட்டுக் காடுகளில் சிறுத்தைப் பொம்மைகளை வைத்துச் சோதனை செய்து 2000-ல் எழுதினார்கள். கறுப்பாக இருந்த பொம்மையைவிடப் புள்ளிகள் உள்ள பொம்மையைக் கண்டதும் குரங்குகள் அதிகமாக மிரண்டன. அந்தப் புள்ளித் தோல் அவற்றின் மூளையில் அச்சடித்தாற்போல் இருக்கிறது. மான் கத்தினாலும், கருமந்தி கத்தினாலும், 'சிறுத்தை வருகிறது' என்று பொருள் புரிந்துகொள்ளும். ராத்திரி தூங்குவதற்குக்கூட உயர்ந்த மரத்தில், கனமான சிறுத்தை ஏற முடியாத மெல்லிய கிளைநுனியில், ஒன்றையொன்று அணைத்துக்கொண்டுதான் இடம் பிடிக்கும்.

லாரிக்குப் புள்ளி கிடையாது. லாரி பிறந்து எத்தனை காலம் ஆயிற்று? லாரியைக் கண்டு அலறுவதற்குக் குரங்கின் பரம்பரைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

அத்தை முதல் பழத்தை எறிந்தாள். கடுவன் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பழம் கொஞ்சம் தள்ளி விழுந்தது. அதற்கு இரண்டு இளவட்டங்கள் சாலையின் குறுக்கே பாய்ந்தன. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. எங்கள் டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் எங்கள் பெண், "அத்தைப் பாட்டி, அந்தக் குட்டி ஏன் தூங்கறது?" என்று கேட்டாள்.

சுவரின் கோடியில், மற்றவர்களை விட்டுத் தள்ளி, ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் குட்டியை மார்போடு பிடித்திருந்தது. குட்டியின் கைகள் தாயைப் பற்றவில்லை, தொங்கிக்கொண்டிருந்தன. மந்தி அதன் முகத்தை நக்கிற்று. மயிரை விலக்கி ஈயை ஓட்டிற்று. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலால் நடந்து, சுவருக்கு அப்பால் இறங்கிப் போய்விட்டது. இறந்த குட்டியை நாட்டுக்குரங்குத் தாய்மார்கள் இப்படிச் சுமந்து திரிவதை ஆராய்ச்சியாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டி எந்த வண்டியில் அடிபட்டது, வண்டியில்தான் அடிபட்டதா என்று எனக்குத் தெரியாது. அதன் தாய் சாலையோரம் உட்கார்ந்திருந்தது எதற்காக என்று தெரியும்.

அத்தை மிச்சப் பழத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஓமலூர் வரை காரில் யாரும் பேசவில்லை.

எங்கே பார்த்தாலும் இருக்கிறதே!

"குரங்குக்கு என்ன குறைச்சல்? எங்கள் மாடியில் வந்து பாருங்கள்" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவர் குழுவினரும் கர்நாடகத்தில் பல காலமாகக் குரங்குகளை எண்ணி வந்திருக்கிறார்கள். 2017-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது: பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியே 25 ஆண்டுகளில் நாட்டுக்குரங்குகள் 65 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. 2020-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 'கவலை இல்லை' என்று இருந்த பட்டியலிலிருந்து இதை எடுத்து, 'அழியக்கூடிய நிலை' என்ற பட்டியலில் சேர்த்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் நெடுஞ்சாலையின் இருபுறமும் ஆலும் அரசும் புளியும் கைகோத்து நின்றன. குரங்குக்கு அது சாலை இல்லை, நீளமான தோப்பு. பழம், நிழல், படுக்கை எல்லாம் மரத்திலேயே. தரையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. சாலை அகலமாயிற்று, மரம் போயிற்று. மரத்திலிருந்து இறங்கியவன் கையேந்த ஆரம்பித்தான். வடக்கே இன்னொரு நெருக்கடி. குட்டைவால் செங்குரங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி, நாட்டுக்குரங்கை அதன் சொந்த ஊரிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது.

அந்தச் செங்குரங்கை ஒரேயடியாக விரோதியாக்கிவிட வேண்டாம். நம் வீட்டுக் குழந்தைகள் அதற்குக் கடன்பட்டிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் 'ஆர்.எச்.' பார்க்கிறார்களே, அந்த எழுத்துகள் 1940-ல் லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் செய்த ஆராய்ச்சியில் பயன்பட்ட ரீசஸ் குரங்கின் பெயரிலிருந்து வந்தவை. 1955-ல் வந்த சால்க்கின் போலியோ தடுப்பு மருந்தும் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்த்த கிருமியிலிருந்துதான் தயாராயிற்று. அதற்காக இந்தியாவிலிருந்து செங்குரங்குகள் கூண்டு கூண்டாக விமானம் ஏறின. லட்சத்தைத் தாண்டிய வருஷங்களும் உண்டு. 1978-ல் நம் சர்க்கார் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது.

சரி, வீட்டுக்கு வருகிற நாட்டுக்குரங்கைப் பிடித்துக் காட்டில் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பாதிக் கூட்டம் கூண்டில் அகப்படும், பாதி தப்பும். தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம். கொண்டு போய் விட்ட காட்டில் ஏற்கெனவே வேறு கூட்டம் குடியிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரியாது; மனிதன் குப்பையைத் தேடத்தான் தெரியும். ஆகவே காட்டோரத்துக் கிராமத்தில் போய் இறங்கும். உங்கள் மாடித் தொல்லை ஓர் ஏழை விவசாயியின் நிலக்கடலைத் தொல்லையாகும். நல்லம்பள்ளிப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் தெரியும். தக்காளி விலை விழுந்தாலும் அவர்களுக்கு நஷ்டம், விலை ஏறும்போது குரங்கு வந்தாலும் நஷ்டம். தவிர, சொந்தமாகப் பிடிக்கச் சட்டமும் இடம் தராது. 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தில் நாட்டுக்குரங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. தொல்லை அதிகமானால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். ஹிமாசலப் பிரதேசத்தில் 2006 முதல் செங்குரங்குகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கூடச் செய்து பார்க்கிறார்கள். லட்சத்துக்கு மேல் செய்தாகிவிட்டது. புகார் இன்னும் ஓயவில்லை.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், அனுபவப்பட்டவர்களிடம் கேட்டறிந்தவை. குரங்கு எதிரே வந்தால் அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள். முறைப்பது அதன் பாஷையில் சண்டைக்கு அழைப்பு. குழந்தைகள் குரங்கைப் பார்த்துப் பல்லை இளிக்கும், அதைத் தடுத்துவிடுங்கள். குரங்கு பல்லிளித்தால் அது சிரிப்பல்ல, பெரும்பாலும் பயம். கையில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒளிப்பது உதவாது, அது பார்த்துவிட்டது! முதுகைக் காட்டி ஓடவும் வேண்டாம், மெதுவாகப் பின்வாங்குங்கள். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. காட்டுப் பக்கம் போகிற இடத்தில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1957-ல் கர்நாடகத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோதுதான், உண்ணியின் மூலம் மனிதர்களுக்கும் பரவுகிற 'குரங்குக் காய்ச்சல்' உலகத்துக்குத் தெரியவந்தது. பாவம், அதற்கும் அதன் பெயரைத்தான் வைத்தோம்.

திரும்பும் வழியில்

கல்யாணம் நன்றாக நடந்தது. திங்கட்கிழமை காலையில் திரும்பினோம். சேலத்தில் புறப்படும்போது அத்தை மறுபடியும் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை.

கணவாயில் ஏறும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சுவரில் அதே வரிசை. குழாயடியில் தண்ணீருக்கு நிற்பது போல மந்திகள், இடுப்பில் குட்டிகள். எங்கள் பெண் தொங்கும் கைகளைத் தேடினாள், அகப்படவில்லை. முன்னால் போன கார் ஒன்று நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு பொட்டலம் பறந்தது. டிரைவர் ஒதுங்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

அத்தை தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

ஒரு மந்தி ஓடி வந்து கதவின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் பார்வை அத்தையின் முகத்தில் ஒரு கணம், மடியில் இருந்த சீப்பில் ஒரு கணம் நின்றது. வாயைக் குவித்தது. கண்ணாடியின்மேல் ஒரு சிறு உள்ளங்கை பதிந்தது. நம்முடையதைப் போலவே ரேகைகள் ஓடிய கை. அத்தை அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வேகமாக, நடுவில் இரண்டு வரி விட்டுப்போகச் சொன்னாள். முன்னால் நின்ற கார் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

நல்லம்பள்ளியில் டிரைவர் கேட்காமலே நிறுத்தினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அஞ்சாறு பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அத்தை இறங்கிப் போய் ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தாள். ஒரு பையன் இன்னொன்று கேட்டான், கொடுத்தாள். தோலைச் சாலையில் போடாதே என்று அவனை அதட்டவும் செய்தாள்.

டீக்கடை அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு மட்டும் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டு, "சூடா இருக்குதும்மா, பாத்துக் குடிங்க" என்றாள்.